ஸ்க்ரூ போட்டும் சேராத தொடைக் கழுத்து எலும்பு: சொந்தப் பந்தை வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா?

ஆற்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 36 வயது, லேத் பட்டறையில் நின்று செய்யும் வேலை. பைக்கில் இருந்து விழுந்து இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. மூன்று ஸ்க்ரூ போட்டு அனுப்பினார்கள். எட்டு மாதம் ஆகப்போகிறது, இன்னும் கால் ஊன்றினால் கவட்டைப் பக்கம் சுருக்கென்று வலிக்கிறது என்கிறான், கால் கொஞ்சம் குட்டையாகவும் ஆகிவிட்டது, கக்கத்தில் கட்டை இல்லாமல் பத்தடி நடக்க முடியவில்லை. புது எக்ஸ்ரேயில் "நான்-யூனியன்", அதாவது முறிவு சேரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்தையும் அது உட்காரும் இடுப்புக் கிண்ணத்தையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர், மாற்ற வேண்டாம், கழுத்துக்குக் கீழே எலும்பை வெட்டி ஒரு ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு சாய்த்து பிளேட் போட்டால் மேலே உள்ள முறிவு தானாகச் சேரும் என்கிறார். ஒரு முறிவே சேரவில்லை, இவர் இன்னொன்று போடலாம் என்கிறாரே என்று வீட்டில் எல்லோருக்கும் குழப்பம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கத்திக்காரன்:
நான் ஆர்த்தோ சர்ஜன். படம் பார்க்காமல், நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது டாக்டர் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, ஜெர்மனியின் ஆகென் ஊரில் இருந்த பாவெல்ஸ் என்ற சர்ஜன் 1935-லேயே இதன் கணக்கைப் போட்டு வைத்துவிட்டார்.

முதலில் இந்த இடம் ஏன் சேர மறுக்கிறது என்பதைப் பார்ப்போம். தொடைக் கழுத்து மூட்டு உறைக்கு உள்ளே இருக்கிறது. மற்ற எலும்பு முறிந்தால் வெளிப்புறச் சவ்வில் இருந்து புது எலும்பு வளர்ந்து ஒரு முடிச்சு மாதிரி கட்டுமே, அந்த வசதி இங்கே கிடையாது. முறிந்த இடத்தில் உறைய வேண்டிய ரத்தத்தை மூட்டுத் திரவம் கழுவிக்கொண்டு போய்விடும். பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டித்தான் மேலே ஏறுகின்றன, முறிவு விலகும்போது அவையும் அறுந்துபோகலாம். இவ்வளவுக்கும் மேலே கோணம் என்று ஒன்று இருக்கிறது. முறிவுக் கோடு படுக்கையாக இருந்தால் உடம்பின் எடை அதை அழுத்திச் சேர்க்கும். செங்குத்தாக இருந்தால், சாய்த்து வைத்த பலகை மேல் வைத்த செங்கல் மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் பந்து கீழே வழுக்கிக்கொண்டே இருக்கும். 50 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்தான வகை என்று வைத்துக்கொள்வோம். இளைஞர்களுக்கு வண்டி விபத்தில் வருவது பெரும்பாலும் இந்தச் செங்குத்து வகைதான்.

இப்போது அந்த வெட்டு எதற்கு என்று புரியும். கழுத்துக்குக் கீழே, எலும்பு பஞ்சு போல ரத்தம் நிறைந்த இடத்தில், வெளிப்பக்கம் அகலமாக ஒரு ஆப்பை எடுத்துவிட்டு மூடினால் மேல் துண்டு திரும்பிக்கொள்கிறது, 65, 70 டிகிரியில் நின்ற முறிவுக் கோடு 30 டிகிரிப் பக்கம் இறங்கிவிடுகிறது. வழுக்கிக்கொண்டிருந்த விசை அழுத்தும் விசையாக மாறிவிடும். பழைய முறிவைத் திறக்கக்கூட வேண்டாம். நடுவில் நிற்கும் நார்த்திசு அழுத்தம் கிடைத்ததும் எலும்பாக மாறிவிடும். வெட்டிய இடமோ நல்ல ரத்த ஓட்டம் உள்ள இடம், அதனால் அது சேராமல் போவது அரிது. குட்டையான காலும் ஓரளவு நீளம் கூடும்.

பழைய நோயாளி:
டாக்டர் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. நான் அனுபவித்தவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். எனக்கும் ஸ்க்ரூ போட்டு சேராமல் போனது, 41 வயதில் முழு இடுப்பு மாற்று செய்துகொண்டேன். மறுநாள் எழுப்பி நிற்க வைத்தார்கள், ஒன்றரை மாதத்தில் கம்பு கூட இல்லை. இப்போது ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், கடைக்குப் போகிறேன், வலி என்பதே மறந்துவிட்டது. வெட்டிச் சாய்த்து, அப்புறம் மாசக்கணக்கில் காலை ஊன்றாமல் இருந்து, அதுவும் சேருமா சேராதா என்று காத்திருந்து, கடைசியில் பந்து செத்துப்போய் மறுபடி மாற்றுவதற்கு, நேராக மாற்றிவிடுவதே மேல். வேலைக்குப் போகிற பையனுக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை சார்.

கத்திக்காரன்:
நீங்கள் சொல்வதில் பாதியை மறுக்க மாட்டேன். மாற்று மூட்டு மாதிரி சீக்கிரம் வலி போக்கும் ஆபரேஷன் எங்கள் துறையில் வேறு இல்லை. ஆனால் 36 வயது என்பதை மறந்துவிடாதீர்கள். 2019-ல் லான்செட்டில் வந்த ஆய்வில் இடுப்பு மாற்று மூட்டுகளில் நூற்றுக்கு 58 தான் 25 வருடம் தாண்டி நிற்கிறது என்று கணக்கிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பிரிட்டன் தரவை வைத்து வந்த இன்னொரு ஆய்வு, 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொள்பவருக்கு வாழ்நாளில் மறு ஆபரேஷன் வாய்ப்பு ஐந்து சதவீதம் மாதிரி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கு 35 சதவீதம் வரை என்று சொன்னது. தம்பி அதைவிடவும் இளையவர், லேத்தில் நிற்பவர். இன்றைக்கு மாற்றினால் அறுபதுகளில் ஒருமுறை, ஒருவேளை அதற்கும் முன்னாலேயே, மறுபடி மேஜைக்கு வர வேண்டியிருக்கும். இரண்டாவது முறை மாற்றுவது முதல் முறை மாதிரி சுலபமில்லை. எலும்பு குறைந்திருக்கும், தொற்று, மூட்டு நழுவுதல் எல்லாமே கூடும்.

அப்புறம் சம்மணம், தரையில் உட்காருவது, இந்திய முறைக் கழிப்பறை. மாற்று மூட்டில் இதையெல்லாம் குறைத்துக்கொள்ளச் சொல்வோம். உங்களுக்குப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், எல்லோருக்கும் அப்படி இல்லை.

சேருமா சேராதா என்பதற்கு: ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டி என்பவரின் குழு 70 வயதுக்குக் கீழ் 50 பேருக்கு இந்த வெட்டைச் செய்து பல வருடம் கழித்துப் பார்த்து 1989-ல் எழுதினார்கள். 43 பேருக்குச் சேர்ந்திருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஆபரேஷன் சமயத்தில் 22 பேருக்குப் பந்தில் ரத்த ஓட்டக் குறைவின் அடையாளம் இருந்தும், அதனால் பந்து நொறுங்கி மாற்ற வேண்டி வந்தவர்கள் மூன்றே பேர். ஏவிஎன், அதாவது ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவது, என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்ததுமே பந்து போச்சு என்று முடிவு கட்டுவது சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கட்டுத்தறி:
எதற்கு சார் இவ்வளவு வெட்டும் குத்தும். எங்கள் பக்கம் எல்லாம் புத்தூர் கட்டுதான். மாமாவுக்குக் கை முறிந்து, மூன்று கட்டில் சரியாகிவிட்டது. எலும்பு தானாகக் கூடும் என்பது இயற்கை.

கத்திக்காரன்:
மாமாவுக்குக் கை. இங்கே பேசுவது தொடைக் கழுத்து. மணிக்கட்டு, காறை எலும்பு இவையெல்லாம் ஓரளவு அசையாமல் பிடித்துவைத்தால் கூடிவிடும், யார் கட்டினாலும். இடுப்புக்குள் மூட்டு உறைக்குள் இருக்கும் முறிவை வெளியில் இருந்து எந்தத் துணியும் மூங்கில் தப்பையும் பிடித்து நிறுத்த முடியாது, மாவுக்கட்டாலும் முடியாது. சித்தூர், வேலூர், திருவள்ளூர் பக்கம் வேலை செய்த எந்த ஆர்த்தோ டாக்டரைக் கேட்டாலும் சொல்வார், கட்டுப் போட்டுப் பல வாரம் படுத்திருந்துவிட்டு, கழுத்து எலும்பு தேய்ந்து காணாமல் போன பிறகு வரும் நோயாளிகளை. முறிந்து மூன்று வாரம் தாண்டினாலே நாங்கள் அதை "நெக்லெக்டட்", கவனிக்காமல் விட்ட முறிவு என்ற கணக்கில் சேர்ப்போம். பஞ்சாபில் சாந்து என்ற டாக்டர் இப்படி வருபவர்களுக்கென்றே ஒரு வகைப்பாடு எழுத வேண்டிய நிலை இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் அவர் அளந்தது எளிய விஷயம்தான்: பந்துப் பக்கத் துண்டு 2.5 செ.மீ. இருக்கிறதா, இடைவெளி எவ்வளவு, பந்து உயிரோடு இருக்கிறதா. துண்டு அதற்கும் குறைந்து இடைவெளியும் பெரிதாகிவிட்டால் காப்பாற்றும் ஆபரேஷனுக்குப் பிடிமானமே இருக்காது.

சேலத்துக்காரி:
இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு 72. குளியலறையில் வழுக்கி, கழுத்துக்குக் கீழே, டிரோகான்டர் என்று சொன்னார்கள், அங்கே முறிவு. ஒரு பெரிய ஸ்க்ரூவும் பக்கவாட்டு பிளேட்டும் போட்டார்கள். நான்காவது மாதம் ஸ்க்ரூவின் முனை பந்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது, கிண்ணத்தில் உரசியது. ஆபரேஷன் செய்த இடத்தில் "வயசானவர்களுக்கு எலும்பு பொல பொலவென்று இருக்கும், நாங்கள் என்ன செய்ய" என்றார்கள். அவ்வளவுதானா? இப்போது மாற்று ஆபரேஷன் என்கிறார்கள், அம்மா தாங்குவாரா என்று பயம்.

கத்திக்காரன்:
அம்மா, அது வேறு கதை. டிரோகான்டர் பகுதி பஞ்சு எலும்பு, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், அங்கே சேராமல் போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. அங்கே தோல்வி என்றால் பெரும்பாலும் இரும்புக்கும் எலும்புக்கும் நடந்த சண்டையில் எலும்பு தோற்றது என்று அர்த்தம். எலும்பு மென்மை ஒரு காரணம்தான். ஸ்க்ரூ பந்துக்குள் எங்கே உட்கார்ந்தது என்பது இன்னொன்று. 1995-ல் அமெரிக்காவில் பாம்கார்ட்னர் குழு ஒரு அளவு சொன்னது: நேர்ப் படத்திலும் பக்கப் படத்திலும் ஸ்க்ரூ முனைக்கும் பந்து உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இன்று எங்களுக்கு அது பாலபாடம். ஆபரேஷன் முடிந்த அன்று எடுத்த படம் உங்களிடம் இருந்தால் அடுத்த சர்ஜனிடம் காட்டுங்கள். யார் மேல் தப்பு என்று தேடுவதற்காகக் கேட்கவில்லை. இப்போது எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கிறது என்பதற்குப் பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

72 வயதில், பந்து கிழிந்து கிண்ணமும் உரசிய பிறகு, மாற்றுவதுதான் வழி. அம்மாவை மறுபடி மாதக்கணக்கில் படுக்கையில் போடாமல் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்க வேண்டும். ஆனால் இது முதல்முறை மாற்றுவதைவிடக் கடினமானது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஸ்க்ரூக்களை எடுத்த ஓட்டைகளில் எலும்பு பலவீனமாக இருக்கும், அதனால் தொடை எலும்புக்குள்ளே போகும் மாற்று மூட்டின் தண்டு கடைசி ஓட்டையைத் தாண்டி எலும்பின் அகலத்தைப் போல இரண்டு பங்கு கீழே போக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. சர்ஜனிடம் நீளத் தண்டு தயாராக வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சேலத்துக்காரி:
மிக்க நன்றி டாக்டர். இந்த அளவுக்கு யாரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை.

நடைவண்டி:
நான் பிசியோ. ஆற்காட்டான் அண்ணா, தம்பி நடக்கும்போது வலது பக்க இடுப்பு தொங்கி, உடம்பு இடது பக்கம் சாய்கிறதா? இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னால் நிற்க முடிகிறதா? எக்ஸ்ரேயில் கோடு மங்கலாகத் தெரிந்தால் சேர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், ஆனால் ஊன்றும்போது கவட்டையில் வலி என்பது படத்தைவிட நேர்மையான சாட்சி. சந்தேகம் இருந்தால் சிடி எடுக்கச் சொல்லுங்கள், ஸ்க்ரூ போட்ட எலும்பில் இடைவெளியை அதுதான் காட்டும். இன்னொன்று, தம்பி பீடி சிகரெட் பிடிப்பவரா?

ஆற்காட்டான்:
சாய்கிறான், ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. சிகரெட்... ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்.

அப்புறம் டாக்டரிடம் கேட்க வேண்டியது: முதல் ஆபரேஷன் செய்தவர்கள் தப்பாகச் செய்துவிட்டார்களா? அப்பாவுக்கு அந்தக் கோபம்தான் அடங்க மாட்டேன் என்கிறது.

கத்திக்காரன்:
சிகரெட்டை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும், இந்த இடத்துக்கு இருப்பதே சின்னக் குழாய்கள்தான். நிறுத்தாதவருக்கு நான் இந்த வெட்டைச் செய்யத் தயங்குவேன், நேர்மையாகச் சொல்கிறேன். வலிக்கு டைக்ளோபினாக் மாதிரி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள், எல்லாம் சரியாகச் செய்தாலும் இது சேராமல் போகும். 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் பார்த்தபோது நூற்றுக்கு ஒன்பது பேருக்குச் சேரவில்லை, 14 பேருக்கு ஏவிஎன். ஐம்பது வயதைத் தாண்டிய 1108 பேரை வைத்து 2017-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, மூன்று ஸ்க்ரூ நல்லதா, ஒரே பெரிய ஸ்க்ரூவும் பிளேட்டும் நல்லதா என்று பார்த்தது. எது போட்டாலும் ஐந்தில் ஒருவருக்கு மறு ஆபரேஷன் வேண்டியிருந்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், புகை பிடிப்பவர்கள் உள்ளிட்ட சில வகையினருக்கு பிளேட் வகை கொஞ்சம் பரவாயில்லை என்று தெரிந்தது. செங்குத்து முறிவில் மூன்று ஸ்க்ரூவை மட்டும் நம்புவது பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு, நான் என்றால் பிளேட் போட்டிருப்பேன். அதை வைத்து அவர் தப்பு செய்தார் என்று சொல்ல முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை. உள்ளே இரும்பு இருக்கும் எலும்பு சேரவில்லை என்றால் மெதுவாகப் புகையும் தொற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் வேறு பேச்சு. தொற்று இருந்தால் கதையே மாறும், இரும்பை எடுத்து, சுத்தம் செய்து, மருந்து கலந்த சிமென்டை உள்ளே வைத்து, பல வாரம் ஆண்டிபயாடிக் கொடுத்து, பிறகுதான் அடுத்த கட்டம். சந்தேகம் இல்லாவிட்டாலும் ஆபரேஷனில் நாலைந்து இடத்தில் திசு எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவது நல்லது. ஸ்க்ரூ டைட்டானியமா ஸ்டீலா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள், டைட்டானியம் என்றால் எம்ஆர்ஐ ஓரளவு தெளிவாக வரும்.

பழைய நோயாளி:
சரி, ஒன்று ஒப்புக்கொள்கிறேன், 36 என்பது எனக்கு இருந்ததைவிடக் குறைவு. ஆனால் டாக்டர், இந்த வெட்டைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்? மாற்று ஆபரேஷன் தெருவுக்குத் தெரு செய்கிறார்கள். கை பழகாதவர் செய்யும் நல்ல ஆபரேஷனைவிட, கை பழகியவர் செய்யும் மாற்று மூட்டு பரவாயில்லை இல்லையா?

கத்திக்காரன்:
இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி. ஆமாம், குறைந்துகொண்டே வருகிறது. முன்னெல்லாம் பிளேடு பிளேட், அதாவது முனையில் தட்டையான அலகு உள்ள பிளேட், அடிப்பது பயிற்சியில் கட்டாயம் பார்ப்போம். கழுத்துக்குள் அந்தத் தட்டையான அலகை அடித்து இறக்கும்போது திசை கொஞ்சம் தப்பினாலும் திருத்துவது கஷ்டம், ஸ்க்ரூ மாதிரி கழற்றி மாட்ட முடியாது. இப்போது பலர் 120 அல்லது 135 டிகிரி டிஎச்எஸ், அதாவது ஒரே பெரிய ஸ்க்ரூவும் பக்கவாட்டு பிளேட்டும், வைத்தே செய்கிறார்கள், அது கைக்கு எளிது. கழுத்து தேய்ந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லியான ஃபிபுலா எலும்பில் ஒரு துண்டு எடுத்து உள்ளே செருகுவதும் நம் நாட்டில் நிறைய நடக்கிறது. கொல்கத்தாவில் பக்ஷி என்பவர் தசையோடு சேர்த்து எலும்புத் துண்டை நகர்த்தி வைத்து ரத்த ஓட்டத்தையும் கூடவே கொண்டுபோகும் முறையைப் பல வருடம் செய்து காட்டினார். எந்த முறை என்பதைவிட, எதிரே உட்கார்ந்திருக்கும் சர்ஜன் எதைக் கை பழகச் செய்கிறார் என்று கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள், அங்கே இந்த மாதிரிக் கேஸ் வந்து குவியும்.

ஆற்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. சிஆர்பி, இஎஸ்ஆர் இரண்டும் நார்மல். சிடியில் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது, இரண்டு ஸ்க்ரூ பின்னால் தள்ளிக்கொண்டு தசைக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, தொட்டால் தட்டுப்படுகிறது, படுக்கும்போது குத்துகிறது என்று சொன்னது அதுதான் போலிருக்கிறது. எம்ஆர்ஐயில் பந்து உயிரோடு இருக்கிறது என்றார்கள், மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் மங்கல். அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டினோம், யூனிட் தலைவர் ஒரு தாளில் பென்சிலால் எக்ஸ்ரேயை வரைந்து, ஆப்பு வெட்டி ஒட்டிக் காட்டினார், அப்பாவுக்கே புரிந்தது. டிஎச்எஸ் வைத்துச் செய்வதாக முடிவு. சிகரெட்டை நிறுத்திவிட்டான், எரிச்சலில் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் இதற்குப் பணம் கிடைக்குமா?

நடைவண்டி:
அது விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குத்தான் அண்ணா, இதற்கு வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவு இருக்கும், அங்கே போய் ஆபரேஷன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துப் போங்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது, பிறகு கேட்டால் இழுபறி.

ஆற்காட்டான்:
ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். வெட்டிய இடத்தில் எலும்பு கூட ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள், மேலே உள்ள முறிவுக் கோடு இன்னும் தெரிகிறது, ஆனால் முன்பு போல இடைவெளி இல்லை. கால் நீளம் கிட்டத்தட்ட சமம். கல்ச்சர் எதுவும் வளரவில்லை. பாதம் தரையில் பட மட்டும் அனுமதி. அவன் கேட்கும் ஒரே கேள்வி, இந்தப் பிளேட்டை எப்போது எடுப்பது?

கத்திக்காரன்:
நல்ல செய்தி. மூன்று மாதம் வரை முழு எடை போட வேண்டாம், மேல் முறிவு சேர நாலைந்து மாதம் கூட ஆகலாம், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு வருடம் வரை அவ்வப்போது படம் எடுத்து பந்தைக் கவனிக்க வேண்டும், ஏவிஎன் தாமதமாகவும் தலைகாட்டும்.

பிளேட் தொந்தரவு இல்லையென்றால் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு முன் அதைத் தொட மாட்டோம். பலருக்கு எடுப்பதே இல்லை. இவர் விஷயத்தில் மட்டும், நன்றாகச் சேர்ந்த பிறகு எடுத்துவிடுவது பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து. பின்னால் என்றாவது மாற்று மூட்டு தேவைப்பட்டால், சாய்த்து ஒட்டிய எலும்புக்குள் தண்டை இறக்குவதே கொஞ்சம் சிக்கல், பழைய இரும்பும் எலும்பு மூடிப்போய் உள்ளே இருந்தால் அதைத் தோண்டி எடுப்பதற்கே பாதி நேரம் போய்விடும். அந்த முடிவை அவருடைய சர்ஜன் அப்போதைய படத்தைப் பார்த்து எடுக்கட்டும்.